ஏழு மாசப் பிள்ளையும் எட்டு மாசப் பிள்ளையும்: நுரையீரலைத் தயார்படுத்துவது யார்?

‘ஏழு மாசத்துல பொறந்தா பொழைச்சுக்கும், எட்டு மாசத்துல பொறந்தா பொழைக்காது.’ இந்த வாசகத்தைக் காதில் வாங்காத கர்ப்பிணி நம் ஊரில் அபூர்வம். பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், வளைகாப்புக்கு வந்த உறவுக்காரர் ஒருவராவது சொல்லிவிட்டுப் போவார். நம் ஊர் நம்பிக்கை மட்டுமல்ல இது. ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் எட்டு மாதக் குழந்தையைப் பற்றி இதே பயம் பதிவாகியிருக்கிறது.

ஆனால் நுரையீரலின் கணக்கு வேறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் அதற்கு லாபம்தான். எட்டு மாதக் குழந்தை, ஏழு மாதக் குழந்தையைவிட நன்றாகவே மூச்சு விடும். அந்த லாபத்தைக் கொண்டுவருவது எது, ஏழு மாதத்திலேயே வலி வந்துவிட்டால் மருத்துவர்கள் அதை எப்படி முன்கூட்டியே வரவழைக்கிறார்கள் என்பதுதான் இந்த வாரச் சேதி.

பிரசவ வார்டு வாசலில் அடிக்கடி கேட்கக்கூடிய உரையாடல் இது. மருமகளுக்கு 30-வது வாரம். திடீரென்று வலி எடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள். நர்ஸ் ஊசியோடு வருகிறார்.

“சிஸ்டர், இது வலி நிக்கறதுக்கா?”

“இல்லம்மா. பாப்பாவோட நுரையீரலுக்கு. 12 மணி நேரத்துக்கு ஒண்ணு, மொத்தம் நாலு ஊசி.”

“ஸ்டீராய்டுன்னு பேசிக்கிட்டாங்களே... அது உடம்பை ஊத வைக்கிற மருந்தாச்சே. வயித்துப் புள்ளைக்குப் போய் அதைக் கொடுக்கலாமா?”

மாமியாரின் கேள்வியில் தப்பே இல்லை. பேரப்பிள்ளை மேல் உள்ள அக்கறைதான் அப்படிக் கேட்க வைக்கிறது. ஆனால் பதில் தெரியாமல் “வேண்டாம், நாங்க பெரிய ஆஸ்பத்திரியில கேட்டுக்கறோம்” என்று கிளம்பிவிட்டால், இழப்பது பொன்னான சில மணி நேரங்களை. ஏன் மணிக்கணக்கு அத்தனை முக்கியம் என்று பார்ப்போம்.

முதல் மூச்சின் கஷ்டம்

நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட குட்டிக் குட்டிக் காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஊசிமுனை அளவு பலூன் மாதிரி. உட்சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில்தான் சிக்கல்.

காய்கறிக் கடையில் ஈரக் கையோடு மெல்லிய பாலிதீன் கவரைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வரவே வராது. தண்ணீர்த் துளிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் குணம் அது. காற்றறையிலும் அதேதான் நடக்கும். மூச்சை வெளியே விட்டதும் ஈரச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரித்துத் திறப்பதென்றால், பிறந்த குழந்தைக்கு அந்தத் தெம்பு இருக்காது.

இதற்கு உடம்பு வைத்திருக்கும் ஏற்பாட்டின் பெயர் சர்ஃபாக்டன்ட். சோப்புத் தண்ணீர் போல, ஈரத்தின் இழுவிசையைக் குறைக்கும் வழுவழுப்பான படலம். இதில் சுமார் 90 சதவிகிதம் கொழுப்பு, 10 சதவிகிதம் புரதம். காற்றறைச் சுவரில் இருக்கும் ஒரு தனி வகைச் செல்கள் இதைத் தயாரித்து, வெங்காயம் போல அடுக்கடுக்காகச் சுருட்டி உள்ளேயே சேமித்து வைக்கும். குழந்தை முதல் மூச்சை இழுக்கும்போது அந்தச் செல்கள் இழுபட்டு விரியும். விரிந்ததும் செல்லுக்குள் கால்சியத்தின் அளவு சட்டென்று ஏறும். அதுதான் சிக்னல். சேமித்த சர்ஃபாக்டன்ட் வெளியே கொட்டும், காற்றறை திறந்தே நிற்கும்.

சுமார் 24-வது வாரத்தையொட்டித்தான் இந்தத் தயாரிப்பு தலைகாட்டும். 34, 35 வாரம் ஆகும்போதுதான் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதுமான அளவு சேரும். அதற்கு முன்னால் பிறக்கும் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் உள்வாங்க முக்கி முனகும்.

இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும். மூச்சுத்திணறலால் இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் குறைவாக இருந்ததை 1959-ல் அவர்கள் காட்டினார்கள். காரணம் தெரிந்தும் வைத்தியம் இல்லை. 1963 ஆகஸ்ட் 7-ம் தேதி, அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பேட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். ஐந்தரை வாரம் முன்கூட்டிப் பிறந்த அந்தக் குழந்தை, 39 மணி நேரம் மூச்சுக்குப் போராடி இறந்துபோனது. உலகத்திலேயே அதிகாரம் மிக்க தகப்பனாலும் அன்றைக்குச் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

கால்சியம் என்கிற சாவி

கால்சியம் என்றதும் நமக்கு எலும்பும் பல்லும் பாலும்தான் ஞாபகம் வரும். உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவிகிதம் அங்கேதான் இருக்கிறது. மீதி 1 சதவிகிதம் செய்யும் வேலைகள் ஏராளம். இதயம் துடிப்பது, தசை சுருங்குவது, நரம்பு சேதி சொல்வது எல்லாமே அதைக் கொண்டுதான்.

ஆனால் கால்சியம் தனியாக எதையும் செய்வதில்லை. அது ஒரு சாவி. பூட்டாக இருப்பவை சில புரதங்கள். கால்சியம் வந்து உட்கார்ந்ததும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறும் அல்லது இறுகும். அதன் பிறகுதான் அது தன் வேலையைத் தொடங்கும். இவற்றைக் கால்சியம் பிணைக்கும் புரதங்கள் என்கிறார்கள்.

நுரையீரலில் அப்படிப்பட்ட இரண்டு காவலாளிகள் இருக்கிறார்கள். சர்ஃபாக்டன்ட் புரதம் ஏ, சர்ஃபாக்டன்ட் புரதம் டி. சுருக்கமாக எஸ்பி-ஏ, எஸ்பி-டி.

எஸ்பி-ஏ பார்ப்பதற்கு ஒரே கட்டாகக் கட்டிய பூச்செண்டு மாதிரி இருக்கும். 18 இழைகள் மூன்று மூன்றாகப் பின்னி, ஆறு பூக்களாக விரியும். ஒவ்வொரு பூவின் தலையிலும் கால்சியம் உட்கார இடம் உண்டு. கால்சியம் உட்கார்ந்தால்தான் அந்தப் பூ, கிருமிகளின் மேல்தோலில் இருக்கும் சர்க்கரைப் பொருளைப் பிடிக்கும். பிடித்த கிருமியை வெள்ளையணுக்கள் வந்து விழுங்கிவிடும். கால்சியத்தை நீக்கிவிட்டால் பிடி விட்டுப்போகும்.

இன்னொரு வேலையும் எஸ்பி-ஏவுக்கு உண்டு. செல் வெளியே கொட்டிய சர்ஃபாக்டன்ட் சுருள், காற்றறையில் வலை போன்ற அமைப்பாக விரியும். அந்த வலையைப் பின்ன எஸ்பி-ஏ, எஸ்பி-பி, கால்சியம் மூன்றும் சேர வேண்டும்.

இதில் எது எவ்வளவு முக்கியம் என்று எலிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எஸ்பி-பி இல்லாமல் பிறந்த எலிக்குட்டி மூச்சுவிட முடியாமல் இறந்துவிடும். எஸ்பி-ஏ இல்லாத எலி மூச்சு விடும், வளரும். ஆனால் அந்த வலை உருவாகாது, நுரையீரல் தொற்று சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். அதாவது, ஒன்று கதவைத் திறந்து வைக்கிறது. மற்றொன்று வாசலில் காவல் நிற்கிறது. குறைமாதக் குழந்தைக்கு இரண்டுமே பற்றாக்குறை.

உத்தரவு போடுவது யார்?

ரத்தத்திலும் நுரையீரல் ஈரத்திலும் கால்சியத்தின் அளவை உடம்பு பெரிதாக ஏறவோ இறங்கவோ விடுவதில்லை. சாவி எப்போதும் கையில் தயார். கூடுவதும் குறைவதும் பூட்டுகளின் எண்ணிக்கைதான். அதை எப்போது கூட்டுவது என்று முடிவு செய்வதில் பெரும் பங்கு ஹார்மோனுக்கு. குறிப்பாக, ஸ்டீராய்டு ஹார்மோனுக்கு.

ஸ்டீராய்டு என்பது ஒரு குடும்பப் பெயர். ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால் எல்லாமே அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். எல்லாமே கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகின்றன. ஜிம்மில் தசை ஏற்றத் தவறாகப் போட்டுக்கொள்கிறார்களே, அது டெஸ்டோஸ்டிரோன் வகை. பிரசவ வார்டில் போடும் ஊசி கார்டிசால் வகை. பெயர் ஒன்று என்பதற்காக வேலையும் ஒன்றாகிவிடாது.

பிரசவம் நெருங்கும் கடைசி வாரங்களில், குழந்தையின் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசாலை அதிகம் சுரக்கத் தொடங்கும். அந்தக் கார்டிசால் நுரையீரல் செல்லுக்குள் நுழைந்து, தனக்கென்று காத்திருக்கும் ஏற்பிப் புரதத்தோடு சேரும். இரண்டும் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் உட்காரும். அங்கிருந்து ‘இந்தப் புரதத்தைச் செய்’ என்று உத்தரவு புறப்படும். கொழுப்பைத் தயாரிக்கும் என்சைம்கள் கூடும். எஸ்பி-பி, எஸ்பி-சி கூடும். காவலாளிகளின் உற்பத்தியும் சூடுபிடிக்கும்.

இங்கேதான் மணிக்கணக்கின் ரகசியம் இருக்கிறது. தலைவலி மாத்திரை போல அரை மணியில் பலன் தரும் சமாச்சாரம் இல்லை இது. உத்தரவு போய், நகல் எடுத்து, புரதம் செய்து, மடித்து, வெளியே அனுப்ப வேண்டும். நேரமாகும். ஊசியின் முழுப் பலனுக்கு ஏறக்குறைய ஒரு நாளாவது வேண்டும். குழந்தை பிறந்த பிறகு போட்டால் அந்த ரயில் போய்விட்டது என்று அர்த்தம். அதனால்தான் அறிகுறி தெரிந்த உடனே நர்ஸ் ஊசியோடு வருகிறார்.

ஆட்டுக்குட்டி சொன்ன பாடம்

இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். அவர் தேடியது நுரையீரலை அல்ல. பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது தாயா, குழந்தையா என்பதுதான் அவர் கேள்வி. செம்மறி ஆடுகளில், கருவிலிருக்கும் குட்டிக்குக் கார்டிசால் வகை மருந்தைச் செலுத்திப் பார்த்தார். ஆடுகள் முன்கூட்டியே ஈன்றன. அவர் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் இன்னொன்றும் நடந்தது. நுரையீரல் முதிராததால் பிறந்ததுமே இறந்திருக்க வேண்டிய குட்டிகளில் சில, மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. நுரையீரலில் காற்று போயிருந்தது.

இதை அவர் 1969-ல் எழுதினார். அதே வருடக் கடைசியில், குழந்தை மருத்துவர் ராஸ் ஹவியோடு சேர்ந்து, குறைமாதப் பிரசவம் ஆகக்கூடிய தாய்மார்களிடம் பீட்டாமெதாசோன் ஊசியைச் சோதிக்கத் தொடங்கினார். 282 தாய்மார்களின் முடிவு 1972-ல் வெளியானது. ஊசி போடாத பிரிவில் 25.8 சதவிகிதக் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஊசி போட்ட பிரிவில் 9 சதவிகிதம். பிறந்த முதல் வாரத்து இறப்பு 15 சதவிகிதத்திலிருந்து 3.2 சதவிகிதமாகக் குறைந்தது.

கென்னடியின் குழந்தை இறந்து ஒன்பதே வருடங்கள்தான் ஆகியிருந்தன. இருந்தும், மற்ற மருத்துவர்கள் தயங்கினார்கள். அவர்கள் தயக்கமும் மாமியாரின் தயக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்: ‘ஸ்டீராய்டாச்சே!’ அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு இதை உறுதியாகப் பரிந்துரைத்தபோது வருடம் 1994. இடைப்பட்ட 22 வருடங்களில் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் எத்தனையோ.

பின்விளைவு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கும் பதில் உண்டு. அந்த ஆக்லாந்துக் குழந்தைகள் 30 வயது ஆனபோது அவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். இதயம், ரத்த அழுத்தம், நுரையீரல் ஆகியவற்றில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குளுக்கோஸ் குடித்த பின் இன்சுலின் மட்டும் சற்றே கூடுதலாக இருந்தது.

லிக்கின்ஸ் வலியைத் தேடிப்போய் நுரையீரலைக் கண்டார். 2004-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நுரையீரலைத் தேடிப்போய் வலியைக் கண்டார்கள். எலிகளில், கருவின் நுரையீரல் செய்யும் எஸ்பி-ஏ பனிக்குட நீரில் கலந்து, பிரசவத்தைத் தொடங்கும் சேதியாகவும் வேலை செய்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். ‘நான் மூச்சுவிடத் தயார்’ என்று குட்டி உள்ளேயிருந்து சொல்லி அனுப்பும் தபால் போல.

அளவுக்கு மிஞ்சினால்...

அப்படியென்றால் நிறைய போட்டால் நிறைய பலனா? இல்லை. கருவின் நுரையீரல் திசுவை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது, குறைந்த அளவு டெக்ஸாமெதாசோன் எஸ்பி-ஏ உற்பத்தியைக் கூட்டியது. அளவை ஏற்றியதும் அதே மருந்து உற்பத்தியைக் குறைத்தது. உப்பு ஒரு சிட்டிகை என்றால் ருசி, ஒரு கைப்பிடி என்றால் குழம்பு சாக்கடைக்கு. அதனால்தான் நான்கு ஊசி என்றால் நான்குதான். ‘இருக்கட்டும்’ என்று வாரா வாரம் போடுவதில்லை.

இன்னொரு ஸ்டீராய்டின் பங்கும் இதில் உண்டு. ஆண் கருவில் சுரக்கும் ஆண் ஹார்மோன், நுரையீரல் முதிர்வதைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. ஒரே வாரத்தில் பிறக்கும் குறைமாதக் குழந்தைகளில் பெண் குழந்தைகள் பொதுவாக ஆண் குழந்தைகளைவிட நன்றாக மூச்சுவிடுவது இதனால்தான். ‘பொம்பளைப் புள்ளை கெட்டி’ என்று குழந்தைகள் வார்டில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

‘மாத்திரையாகக் கொடுத்தால் ஆகாதா? ஆஸ்துமாவுக்குப் பிரட்னிசலோன் சாப்பிடுகிறார்களே?’ என்று சிலர் கேட்பார்கள். நஞ்சுக்கொடியில் ஓர் என்சைம் காவல் இருக்கிறது. கார்டிசாலையும் பிரட்னிசலோனையும் பெருமளவு செயலிழக்கச் செய்த பிறகே அது அந்தப் பக்கம் விடும். டெக்ஸாமெதாசோனும் பீட்டாமெதாசோனும் அந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டிக் குழந்தையிடம் போய்ச் சேரும். அதனால்தான் இந்த இரண்டை மட்டும் பயன்படுத்துகிறார்கள். அதே காரணத்தால், ஆஸ்துமாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பிரட்னிசலோனைக் கர்ப்பிணிகள் பயந்து தாங்களாக நிறுத்தவும் தேவையில்லை.

தாத்தாவின் இன்ஹேலர்

இந்தக் கதை பிறந்த குழந்தையோடு முடிவதில்லை. வீட்டில் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துபவர் இருக்கிறாரா? ‘நாலு நாள் ஊதினேன், ஒண்ணும் தெரியலை’ என்று மேஜை டிராயரில் போட்டுவிட்டாரா?

1979-ல் இங்கிலாந்தின் ராட்ரிக் ஃபிளவரும் ஜெரார்ட் பிளாக்வெல்லும் கினிப் பன்றியின் நுரையீரலில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்டீராய்டு செலுத்தினால் வீக்கத்தை உண்டாக்கும் ரசாயனங்கள் குறைந்தன. ஆனால் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், ஸ்டீராய்டு பலிக்கவில்லை. அதாவது, ஸ்டீராய்டு தானே வீக்கத்தை அடக்கவில்லை. நுரையீரலை ஒரு புரதம் செய்யவைத்து, அதன் மூலம் அடக்கியது. அந்தப் புரதத்துக்கு இன்று அனெக்ஸின் ஏ1 என்று பெயர். அதுவும் கால்சியம் பிணைக்கும் புரதம்தான். கால்சியம் இருந்தால்தான் செல்லின் கொழுப்புச் சவ்வில் போய் ஒட்டும். வீக்கத்துக்கு ஓடி வரும் வெள்ளையணுக்களை ‘போதும், திரும்பிப் போங்கள்’ என்று அடக்கும். ஸ்டீராய்டு வேலை செய்யும் பல வழிகளில் இது ஒன்று.

ஆக, இங்கேயும் அதே விதி. உத்தரவு போக வேண்டும், புரதம் உருவாக வேண்டும், சேர வேண்டும். மூச்சுத்திணறும் நேரத்தில் உடனே ஊதிக்கொள்ளும் சால்பூட்டமால் இன்ஹேலர் வேறு; அது இறுகிய தசையைத் தளர்த்தும். தினமும் ஊதும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேறு. அது வீக்கமே வராமல் காக்கும். பலன் முழுதாகத் தெரிய நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகலாம். இளைப்பு இல்லாத நாளிலும் விடாமல் ஊதச் சொல்வது அதனால்தான். ஊதியதும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படரலாம்.

எல்லோருக்கும் போடலாமா?

2020-ல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதில் அதிக எண்ணிக்கை இந்தியாவில், சுமார் 30 லட்சம். அப்படியானால் சந்தேகப்படும் எல்லாத் தாய்மார்களுக்கும் இந்த ஊசியைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். தோன்றியது, செய்தும் பார்த்தார்கள்.

இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. குறைமாதம் என்று சந்தேகம் வந்தாலே ஊசி போடும்படி ஏற்பாடு. முடிவு எதிர்பாராதது. மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. மொத்தக் குழந்தைகளையும் கணக்கிட்டால், ஆயிரத்துக்கு 23.9 ஆக இருந்த இறப்பு, ஊசி ஏற்பாடு இருந்த இடங்களில் 27.4 ஆக இருந்தது. தாய்மார்களுக்குத் தொற்று இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டதும் கூடியிருந்தது. ஊசி போடப்பட்ட பலருக்கு உண்மையில் குறைமாதப் பிரசவமே ஆகவில்லை. எத்தனையாவது வாரம் என்பதும் பல இடங்களில் திட்டமாகத் தெரியாது.

பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா நாடுகளின் 29 மருத்துவமனைகளில் இன்னோர் ஆய்வை நடத்தியது. இந்த முறை ஸ்கேன் பார்த்து வாரத்தை உறுதி செய்தார்கள். 26-வது வாரம் முதல் 34-வது வாரம் தொடங்கும் முன்பு வரை உள்ள, சீக்கிரம் பிரசவம் ஆகும் என்று தெரிந்த 2,852 தாய்மார்கள் சேர்க்கப்பட்டார்கள். 2020-ல் வெளியான முடிவில், பிறந்த 28 நாட்களுக்குள் இறந்த குழந்தைகள், ஊசி போட்ட பிரிவில் 19.6 சதவிகிதம், போடாத பிரிவில் 23.5 சதவிகிதம். 25 தாய்மார்களுக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தையின் உயிர் மிஞ்சுகிறது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

ஒரே மருந்து. ஒன்றில் பலன், ஒன்றில் பாதகம். வித்தியாசம் எங்கே? சரியான வாரம், சரியான தாய், சரியான இடம். இதைத்தான் உலக சுகாதார நிறுவனம் நிபந்தனைகளாக வைக்கிறது: 24 முதல் 34 வாரம் வரை என்பது உறுதியாகத் தெரிய வேண்டும், ஏழு நாட்களுக்குள் பிரசவம் ஆக வாய்ப்பு அதிகம் இருக்க வேண்டும், தாய்க்குத் தொற்று இருக்கக் கூடாது, பிரசவத்தையும் குறைமாதக் குழந்தையையும் பார்த்துக்கொள்ள வசதி இருக்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

முதலில், கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியை எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது. நடு இரவில் ஆம்புலன்ஸில் போய் இறங்கும்போது, ‘எத்தனை வாரம்?’ என்ற கேள்விக்கான சரியான பதில்தான் அந்த ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும்.

அடுத்து, 37 வாரம் முடியும் முன்பு வயிறு இறுகி இறுகி விடுவது, இடுப்பு வலி விட்டு விட்டு வருவது, நீர்க்கசிவு, ரத்தக்கசிவு எது தெரிந்தாலும் ‘சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடி’ என்று காத்திருக்க வேண்டாம். ஊசிக்குத் தேவை நேரம். அந்த நேரத்தைக் கொடுக்க முடிவது குடும்பத்தால் மட்டும்தான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, முதல் ஊசியை இங்கேயே போட்டு அனுப்புகிறோம் என்று டாக்டரோ நர்ஸோ சொன்னால் சம்மதியுங்கள். போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஊசி எப்போது என்று அங்கே உள்ளவர்களுக்கு அதைப் பார்த்துத்தான் தெரியும். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும், கவனித்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இருந்தாலும் மறைக்கக் கூடாது.

கால்சியம் மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரை தாயின் எலும்புக்கும், ரத்தக் கொதிப்பு ஏறிவிடாமல் இருப்பதற்கும். அதைத் தவறாமல் சாப்பிட வேண்டும். ஆனால் இரண்டு மாத்திரை கூடப் போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாவியை அதிகம் செய்வதால் பூட்டு வந்துவிடாது. பூட்டைச் செய்யச் சொல்வது ஹார்மோன்.

ஊசி போட நேரமில்லாமல் குழந்தை பிறந்துவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. 1980-ல் ஜப்பானின் ஃபுஜிவாரா தொடங்கி வைத்த வழியில், மாட்டு நுரையீரலிலிருந்தோ பன்றி நுரையீரலிலிருந்தோ எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தையின் மூச்சுக்குழாயில் விடுகிறார்கள். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றும் மருந்து அது. ஆனால் அதைப் பிரித்தெடுக்கும் முறையில் எஸ்பி-ஏவும் எஸ்பி-டியும் கழிந்துவிடும். காற்றறையைத் திறக்கும் பொருளை வெளியிலிருந்து தர முடிகிறது. காவலாளிகளைக் குழந்தையின் நுரையீரல்தான் செய்துகொள்ள வேண்டும். அதனால், முடிந்தால் பிறப்பதற்கு முன்பே உத்தரவு போய்ச் சேருவது நல்லது.

வார்டு வாசலுக்குத் திரும்புவோம். மாமியாரின் கேள்விக்கு அந்த நர்ஸ் நின்று நிதானமாகப் பதில் சொல்ல நேரம் இருக்காது. ஆனால் சொல்ல முடிந்தால் இப்படித்தான் சொல்வார்: “பாப்பா எட்டு, ஒன்பது மாசத்துல தானே சுரந்துக்கிற ஹார்மோன்தாம்மா இது, மருந்து ரூபத்துல. வயித்துல இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா நுரையீரலுக்கு என்ன சேதி போயிருக்குமோ, அதை இப்பவே சொல்லி அனுப்பறோம். அந்தச் சேதி போய்ச் சேர ஒரு நாள் ஆகும். அதான் அவசரப்படுறோம்.”

அடுத்த வளைகாப்பில் யாராவது ‘எட்டு மாசப் பிள்ளை பிழைக்காது’ என்று ஆரம்பித்தால், பாட்டியின் மனம் கோணாமல் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “வயித்துல ஒரு வாரம் கூட இருந்தாலும் புள்ளைக்கு நல்லதுதான் பாட்டி. முன்னாடியே வர்ற மாதிரி இருந்தா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.”